மூலைவாட்டமாகக் கட்டிய பாவு

எங்கள் சிறுவர் இல்லத்து மதிலில் மேலே தெரிகிற மூன்று வரிசைச் செங்கல் எனக்காக வைத்துக் கட்டியது. நான் எகிறிக் குதித்துத் தப்பித்த மறுநாளே கொத்தனாரை வரவழைத்துவிட்டார்கள்.

பொய். அந்த மூன்று வரிசை ஆடுகளுக்காகக் கட்டியது. பக்கத்து மனையில் வீடு கட்ட மண் கொட்டியிருந்தார்கள். ஆடுகள் அந்த மேட்டில் ஏறி, மதிலைத் தாண்டி உள்ளே குதித்து, சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டன. நாங்கள் எல்லோரும் எப்போது வெளியே போகலாம் என்று துடித்துக்கொண்டிருந்த இடத்துக்குள் தானாக ஆசைப்பட்டு வந்தவை அந்த ஆடுகள் மட்டும்தான். எனக்கு மதில் ஏறவே வராது. ஒரு தரம் முயன்று பார்த்தேன். பாதி ஏறியதும் மேலே போகவும் பயம், கீழே இறங்கவும் பயம். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வாட்ச்மேனை நானே கத்திக் கூப்பிட்டேன். அவர் ஏணி கொண்டுவந்து இறக்கிவிட்டு, அடுத்த முறை தப்பிக்கும்போது முன்கூட்டியே சொன்னால் ஏணியை அங்கேயே வைத்துவிடுவதாகச் சொன்னார்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம், இல்லத்தை இப்போது நடத்துகிற மேடம். கோடு போட்ட நோட்டு ஒன்றும் பேனா இரண்டும் கொடுத்து, இந்த இடத்தின் வரலாறு முழுவதையும் எழுதித் தரச் சொன்னார். எழுத்துப்பிழையை அவரே திருத்திக்கொள்வாராம். பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் வெளியே பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு நாள். முதல் நாள் சேர்வதற்கு, இரண்டாம் நாள் அங்கேயே மறந்துவிட்டு வந்த செருப்பை எடுப்பதற்கு. எழுத்து கற்றது இந்த மதிலுக்குள்தான். என்னோடு இருந்த பையன்கள் எல்லாம் திருந்தி, பெரிய ஆளாகி, எங்கெங்கோ போய்விட்டார்கள். நான் பாதிதான் திருந்தினேன் என்பதால் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். நூல் மூட்டை, கல்யாணப் பாத்திரம், பிள்ளையார் சிலை, எதை ஏற்றினாலும் போவேன்.

மேடம் பொழுதுபோகாமல் வரலாறு கேட்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் நெசவாளர்கள் கட்டிய சின்ன முருகன் கோயில் இருக்கிறது. பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் காலை சாமி பல்லக்கில் ஏறித் தெருவெல்லாம் சுற்றி வரும். சுமப்பவர்களும் நெசவாளர்கள்தான். அந்தப் பல்லக்கு இல்லத்து வாசலில் ஒரு தரம் நிற்கும். நின்றால் எங்கள் பெரிய கேட் இரண்டு கதவும் திறக்கும். வருஷம் முழுக்கக் கேட்டில் இருக்கிற சின்னத் திட்டிவாசல் வழியாகவே நடமாடுகிற இடத்தில், அந்த ஒரு காலை மட்டும் பையன்கள் தெருவில் கால் வைப்பார்கள். தீபாராதனை பார்த்து, விபூதி பூசிக்கொண்டு, உள்ளே திரும்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து அந்த நேரத்தில் ஒருத்தனும் ஓடியதில்லை. சாமிமேல் பயம் என்று மேடம் நம்புகிறார். சாமி போன பிறகுதான் சர்க்கரைப் பொங்கல் தருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் அதற்கு ஆபத்து வந்தது. வெயில் ஏறுவதற்குள் சாமி திரும்பிவிட வேண்டும், போலீஸ் கொடுத்த நேரத்துக்குள் தெருவைக் காலி செய்ய வேண்டும், சுமக்கிற தோள்களும் குறைந்துவிட்டன. ஆகவே பழைய வழக்கம் என்று காட்ட ஆதாரம் உள்ள இடங்களில் மட்டும் சாமி நிற்கும் என்று கோயில்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இல்லத்து வாசலுக்கு ஆதாரம் என்ன என்று மேடத்தைக் கேட்டார்கள். மேடத்திடம் எல்லாவற்றுக்கும் கடிதம் இருக்கும். பூனை குட்டி போட்டதற்குக்கூடக் கோப்பு இருக்கும். இதற்கு மட்டும் இல்லை.

உள்ளே ஒரு பையன் இருக்கிறான். பதினாறு வயது, மீசை வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். என்ன செய்துவிட்டு வந்தான் என்பதை எழுதக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார், எழுதவில்லை. நெசவு வீட்டுப் பிள்ளை. அப்பா அம்மா இல்லை, அண்ணன்தான் வளர்த்தான். தம்பி உள்ளே வந்த நாளிலிருந்து அந்த அண்ணன் ஒரு தரம்கூட வந்து பார்க்கவில்லை. கோபமா வெட்கமா என்று அவனுக்கே தெரியாது போலிருக்கிறது. ஒரு நாள் அரிசி மூட்டை இறக்கப் போனபோது இந்தப் பையன் என்னிடம் வந்தான். என்னை அவன் பெருசு என்றுதான் கூப்பிடுவான். மரியாதையா கிண்டலா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை, பதில் தெரிந்ததுதான்.

“பெருசு, இந்த வருஷம் எங்கண்ணன் பல்லக்குல முன்தண்டு புடிக்கிறான். சாமி நின்னா அவனும் நிக்கணும். நின்னா என் மூஞ்சப் பாக்காம எங்க போவான்?”

சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குத்தான் அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. அந்த வாசலில் சாமி ஏன் நிற்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அந்தக் கதையை விட்டவன் நான்.

கதை இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த இல்லத்துக்கு ஒரு முரட்டு துரை அதிகாரியாக இருந்தான். சாமி வருகிறது, கேட்டைத் திற என்றார்கள். மாட்டேன் என்றான். அந்த நொடியே பல்லக்கு மலையாகக் கனத்துவிட்டது. யானையை வைத்து இழுத்தாலும் நகரவில்லை. துரை அலறிக்கொண்டு ஓடிவந்து கேட்டைத் திறந்தான். பல்லக்கு பூவாகிவிட்டது. அன்று முதல் துரை சைவம்.

துரை சைவமானது எனக்கே பிடித்த இடம். முதல் தரம் சொன்னபோது அது கிடையாது. வெளியூரிலிருந்து பட்டு எடுக்க வந்த ஒரு கல்யாணக் கோஷ்டியை, அவர்கள் வேன் நின்றுபோனதால், என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். இது என்ன கட்டடம் என்று கேட்டார்கள். நான் வளர்ந்த இடம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாயில் துரை வந்தான். சொல்லச் சொல்ல யானை வந்தது. இறங்கும்போது ஒரு பெரியவர் கேட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. சில வருஷம் கழித்து ஓர் ஆட்டோக்காரர் அதே கதையை எனக்கே சொன்னார். அவருடைய தாத்தா நேரில் பார்த்தாராம். சமீபத்தில் யாரோ அதற்குப் பின்னணி இசை எல்லாம் போட்டு செல்போனில் விட்டிருக்கிறார்கள். மேடம் அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார். நீ பழைய ஆள், நீ வந்து சாட்சி சொன்னால் போதும், சாமி நிற்கும் என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் தலையாட்டிவிட்டேன். இப்படித்தான் நான் எப்போதும் மாட்டுவது.

சரி, உண்மையான வரலாறு. கட்டடம் முதலில் நெல் கிடங்காக இருந்ததாம், பிறகு குதிரை லாயமாம், பிறகு பையன்கள். வாசலில் போர்டு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. சீர்திருத்தப் பள்ளி என்று ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். பள்ளி என்ற வார்த்தையை அழித்துவிட்டு இல்லம் என்றார்கள். பிறகு சீர்திருத்தம் என்ற வார்த்தை பையன்களின் மனதைப் புண்படுத்துகிறது என்று அதையும் அழித்தார்கள். சாம்பார் எங்களைப் புண்படுத்தியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்த போர்டு மாட்டினாலும் தெருவில் அதற்குப் பெயர் பையன் ஜெயில்தான்.

நான் உள்ளே வந்தது சைக்கிள் திருட்டில். வாடகை சைக்கிள் கடையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓட்டத் தெரியாது. ஆகவே முசரவாக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். வழியில் முள் குத்திக் காற்று இறங்கிவிட்டது. பஞ்சர் ஒட்ட எனக்குத் தெரிந்த கடை ஒன்றுதான். திரும்ப அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டு வந்து அதே கடைக்காரரிடம் ஒட்டிக் கொடுக்கச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு நல்ல மனுஷனிடமா திருடினோம் என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோதே போலீஸ் வந்துவிட்டது.

அப்போது இல்லத்தில் தறிக்கூடம் இருந்தது. ஊர் முழுக்கப் பட்டு நெய்ய, நாங்கள் எங்களுக்கு வேண்டிய துண்டும் படுக்கை விரிப்பும் நூலில் நெய்தோம். ஒரு நெசவு வாத்தியார் இருந்தார். எனக்குத் தறியில் உட்கார அனுமதி இல்லை. ஒரே நாளில் மூன்று முறை நூலை அறுத்ததால் என்னைத் தெருவுக்கு அனுப்பினார், பாவு நீட்டுவதற்கு. தறியில் ஏறுவதற்கு முன்னால் நீளவாட்டு நூல் முழுவதையும் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். அதுதான் பாவு. ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மறுமுனையில் கயிறு போட்டு ஒரு ஆள் இழுத்துப் பிடித்துக்கொள்வான். விட்டால் தொய்ந்து, ஈர நூல் ஒன்றோடொன்று ஒட்டி எல்லாம் பாழ். நெசவாளர் தெருவில் பிறந்த நாய்கூடப் பாவைத் தாண்டாது, சுற்றிக்கொண்டுதான் போகும்.

அன்று திருவிழா. சாமி வருவதற்குள் பாவைக் காயவைத்துச் சுருட்டிவிடு என்று சொல்லிவிட்டு வாத்தியார் முகம் மழிக்கப் போனார். மதிலை ஒட்டி நீளவாக்கில் கட்டச் சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் எதிர்ப்பக்கம் புங்கமரத்தடியில் இட்லிக்கடை போட்டிருந்தார் ஓர் அக்கா. கேட் தூணில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் புங்கமரம் வரைக்கும் மூலைவாட்டமாக இழுத்தால் நான் நிற்கிற இடம் சரியாக இட்லிச் சட்டிக்குப் பக்கத்தில் வரும். இழுத்தேன். தெருவை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அடைத்துவிட்டது என் பாவு. சீக்கிரம் வேலை முடியட்டும் என்று எல்லாக் கஞ்சியையும் ஒரே தரத்தில் கொட்டித் தடவினேன். இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் அந்த அக்கா இட்லியைப் பிட்டு என் வாயிலேயே போட்டார். சட்னியும் தொட்டு. உலகத்திலேயே சந்தோஷமான கைதி நான்தான்.

நாலாவது இட்லியில் மேளம் கேட்டது.

கஞ்சி கூழாக நின்றது. சுருட்டினால் மொத்த நூலும் போய்விடும். பல்லக்கு வளைவில் திரும்பி என் பாவுக்கு முன்னால் வந்து நின்றது. கூட்டத்தில் தங்கச் சங்கிலி போட்ட ஒருவர், அறுத்து எறியுங்கள், சாமியா நூலா என்று கத்தினார். முன்தண்டு பிடித்திருந்த ஆள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாவு மேல கால் வச்சா நமக்கேது சோறு. காயட்டும்பா. சாமிக்கு இன்னா அவசரம்.”

அவ்வளவுதான். தண்டுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு எல்லோரும் தோளோடு தோளாக நின்றார்கள். வேறு ஊராக இருந்தால் நான் உதை வாங்கியிருப்பேன். இங்கே சுமந்தவன் ஒவ்வொருத்தனும் காலையில் தன் வீட்டுப் பாவைக் காயவைத்துவிட்டு வந்தவன். இரண்டு பேர் வந்து என் கஞ்சியைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு கெட்டியாகக் காய்ச்சியவன் எவன் என்று கேட்டார்கள். நான் மரத்தைப் பார்த்தேன். சும்மா நிற்கிற நேரத்தில் குருக்கள் தீபாராதனை காட்டினார். கேட் கம்பிக்குள் வரிசையாக முகங்களைப் பார்த்துவிட்டு, பாவம் பசங்க, திறங்களேன் என்றார். அன்றைய அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, திறந்தார். பையன்கள் வெளியே வந்தார்கள். எங்கள் வாத்தியார் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். பாவு காய்கிற வரை சாமி அங்கேயே நின்றது.

அடுத்த வருஷம் பாவு இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் சுமந்தவர்களின் கால் தானாக நின்றுவிட்டது. அதற்கடுத்த வருஷம் இல்லத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பிறகு தறிக்கூடம் போய்த் தையல் கூடம் வந்தது. தெரு தார் ரோடாயிற்று. சாமி நிற்பது மட்டும் மாறவில்லை. அன்றைக்குக் காய்ந்த அந்தப் பாவில் என்னையே நெய்யவைத்தார் வாத்தியார். ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் ஒடுங்கியும் ஒரு துண்டு வந்தது. இன்றைக்கும் வண்டிக் கண்ணாடியை அதில்தான் துடைக்கிறேன். எந்தப் பக்கத்தில் துடைத்தாலும் அழுக்கு மிச்சம் இருக்கும்.

சாட்சி சொல்லப் போனோம். மேடம் புதுப் புடவை, நான் வெள்ளைச் சட்டை. கோயில் மண்டபத்தில் நாலைந்து பேர், நடுவில் தர்மகர்த்தா. அவரும் தறிக்காரர்தான். குரலை உயர்த்தாமலே பேசுகிற மனுஷன், அதனாலேயே எனக்குப் பயம். மேடம் செல்போனை எடுத்துப் பின்னணி இசையோடு துரை கதையைக் காட்டினார். துரை அலறுகிற இடத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தர்மகர்த்தா முழுவதும் பார்த்தார். பிறகு ஒரு தட்டைக் கொண்டுவரச் சொல்லி அதில் சூடம் ஏற்றி என் முன்னால் வைத்தார்.

“இது நெசம்னு சூடத்து மேல அடிச்சு சொல்லிட்டுப் போபா. சாமி நிக்கும்.”

நான் போலீசில் பொய் சொல்லியிருக்கிறேன், பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறேன், ஆர்டிஓ ஆபீசில் இரண்டு கண்ணாலும் தெளிவாகத் தெரிகிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். சூடத்தின்மேல் சொன்னதில்லை. கையை நீட்டினேன். கை போகவில்லை. சரி, சூடம் அணைகிற வரை இருமிக்கொண்டிருக்கலாம் என்று இருமினேன். அவர் இன்னொரு கட்டி போட்டார். அந்தப் பையனின் முகம் ஞாபகம் வந்தது. சத்தியம் செய்தால் அவன் அண்ணன் நிற்பான். எனக்குக் கண் போகும், அவ்வளவுதானே, ஒரு கண் ஏற்கெனவே மங்கல்தான் என்றுகூடக் கணக்குப் போட்டேன். அப்புறம் வாய் தானாகத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. புங்கமரம், கஞ்சி, நாலு இட்லி, சட்னி உட்பட. துரையே கிடையாது என்றேன். யானையும் கிடையாது என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நான் திரும்பவும் சைக்கிள் தள்ளிக்கொண்டு நின்றேன்.

தர்மகர்த்தா மேல்துண்டை விலக்கித் தோளைக் காட்டினார். கறுத்துத் தடித்த காய்ப்பு.

“அன்னிக்கு முன்தண்டுல இருந்தது நாந்தான். நீ துன்னது ஆறு இட்லி. நான் எண்ணிக்கினே நின்னேன்.”

அப்புறம் ஏன் சூடம் ஏற்றினீர்கள் என்று கேட்டேன். நான் ஒரு தபா நிஜம் பேசி அவர் காதால் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம். மண்டபமே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியானால் சாமி நிற்காதா என்று கேட்டார். துரை கதைக்கெல்லாம் நிற்காது என்றார் அவர். சும்மா பழகிவிட்டது என்பதற்கும் நிற்காது, அப்படிப் பார்த்தால் டீக்கடைக்கு டீக்கடை நிற்க வேண்டும், கமிட்டி போட்ட முடிவு முடிவுதான் என்றார். மேடம் எழுந்துவிட்டார். நாங்கள் படியிறங்கும்போது பின்னாலிருந்து தர்மகர்த்தா மெதுவாகச் சொன்னார்.

“குறுக்க பாவு இருந்தா மட்டும் நிக்கும்மா. அது கமிட்டி போட்ட சட்டம் இல்ல. அத எவனும் எடுக்க முடியாது. ஆனா நெசப் பாவா இருக்கணும். தறியில ஏறணும். கயிற கட்டி வச்சு ஏமாத்தினா நானே தாண்டிக்கினு போயிடுவேன்.”

மேடம் அன்றே கடிதம் எழுத ஆரம்பித்தார். தொழிற்பயிற்சி என்று எழுதினார், பாரம்பரியம் என்று எழுதினார், எங்கெங்கோ கையெழுத்து வாங்கினார். தறிக்கு என்ன செய்வது என்று கேட்கப் போனபோது, தன் வீட்டுப் பின்கட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றார் தர்மகர்த்தா. என் குட்டியானையில் தறி ஏறி இல்லத்துக்குள் போனது. பாவு ஓட்டச் சொல்லிக்கொடுப்பதற்கு அனுபவமுள்ள ஆள் என்று மேடம் என்னை அறிமுகப்படுத்தினார். முற்றத்தில் முளை அடித்து நூலைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் நானே நூலுக்குள் இருந்தேன். பையன்கள் என்னைப் பிரித்து எடுத்தார்கள். கடைசியில் அந்தப் பையன்தான் வந்து எல்லாவற்றையும் அவிழ்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் கை போகிற வேகத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து நூலோடு விளையாடியவன் என்று தெரியும். என்னைப் பார்த்து, இங்கே என்ன கற்றுக்கொண்டாய் பெருசு, நெசவா சைக்கிள் தள்ளவா என்று கேட்டான். கஞ்சி காய்ச்சும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார்கள். கெட்டியாகக் காய்ச்சுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இன்று காலை. இதை நான் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். திட்டிவாசல் வழியாக இரண்டு பையன்களை மட்டும் மேடம் வெளியே விட்டிருக்கிறார், அதற்கும் ஒரு கடிதம் இருக்கிறது. கேட் தூணிலிருந்து புங்கமரம் வரைக்கும் மூலைவாட்டமாகப் பாவு. இட்லிக்கடை போய் அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள், அதுதான் ஒரே குறை. மரத்தடியில் கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பவன் அந்தப் பையன். ஸ்கூட்டர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. சாப்பாடு கொண்டுபோகிற ஒரு டெலிவரிப் பையன் மட்டும் ஹாரன் அடித்தான். எதிர்வீட்டு அம்மா ஒரு பார்வை பார்த்தார், அவன் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்று வழியில் போய்விட்டான்.

மேளம் வந்துவிட்டது. பல்லக்கு வளைவில் திரும்புகிறது. முன்தண்டில் வலது பக்கம் இருப்பவன்தான் அண்ணன், அதே மூக்கு. தர்மகர்த்தா முன்னால் நடந்து வந்து புறங்கையால் பாவைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உனக்கு இந்த ஜென்மத்தில் கஞ்சி காய்ச்ச வராது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஈரம் என்று சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார்.

சாமி நின்றுவிட்டது.

கேட் இரண்டு கதவும் திறந்தாயிற்று. பையன்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கயிற்றில் நிற்கிறவனால் நகர முடியாது, விட்டால் பாவு போய்விடும். தண்டில் நிற்கிறவனாலும் நகர முடியாது, ஆள் குறைவு, ஒரு தோள் விலகினால் பல்லக்கு சாய்ந்துவிடும். நடுவில் பத்தடி. தம்பி அண்ணனையே பார்க்கிறான். அண்ணன் தரையைப் பார்க்கிறான், மரத்தைப் பார்க்கிறான், சாமியின் குடையைப் பார்க்கிறான். பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் பாவைப் பார்த்தான். நெசவுக்காரன் கண், அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

“இழுத்துப் புடிடா. நடுவுல தொய்யுது பார்.”

“இழுத்துக்கினுதான் இருக்கிறேன்.”

“இன்னும் இழு. மரத்துக்கு முதுகு குடுத்து நில்லு, சொல்லிக் குடுத்தேன்ல.”

நின்றான். மேடம் என்னிடம் வந்து அந்தப் பக்கம் உற்று உற்றுப் பார்க்காதே, எழுதுகிற வேலையைப் பார் என்கிறார். அவர் மட்டும் பார்க்கிறார். சரி, எழுதுகிறேன். வரலாற்றில் பாக்கி இருப்பது நான் நிஜமாகவே தப்பித்த கதைதான். மதில் ஏறி இல்லை. சாம்பார் கொண்டுவருகிற பெரிய அண்டா ஒன்று இருந்தது, கழுவுவதற்கு வெளியே உருட்டிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து நான் அந்த அண்டாவுக்குள் இறங்கிக் குந்திக்கொண்டேன். அடியில் முருங்கைக்காய் கிடந்தது. மூடியை இழுத்து மூடுகிறேன், யாரோ வருகிற சத்தம். அண்டா உருள ஆரம்பித்தது. முதல் உருட்டிலேயே எனக்குத் தலை எது கால் எது என்று

அண்ணன் இருந்த இடத்தில் தண்டுக்கு அடியில் இப்போது தர்மகர்த்தா நிற்கிறார். அந்தக் காய்ப்பு விழுந்த தோளைக் கொடுத்துவிட்டு அவனை வெளியே தள்ளிவிட்டார். அண்ணன் வேட்டியைச் சரி செய்கிறான், திரும்பவும் சரி செய்கிறான், வருகிறான். நான் அண்டாவில் உருண்டுகொண்டிருந்தேன் அல்லவா, கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் காலால் ஒரு

“பெருசு, அந்த நோட்ட அப்பால வச்சிட்டு ஓடியா. இந்தக் கயிறப் புடி. எனக்கு ரெண்டு கையும் வேணும்.”